அகவல் என்னும் கூட்டிசை

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அதையொட்டி, இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் வெளியிட்ட 'திருவாசகம்' பற்றிய பேச்சும் மறுபடி எழுந்தது. கூடவே பழைய கூற்று ஒன்றும் புதுத் தெம்போடு திரும்பியிருக்கிறது: தமிழில் பக்தி இசை என்பது தனிக்குரலின் கலை, பலர் கூடிப் பாடுவதற்கென்று அமைந்த பெரும்படைப்பு எதுவும் நம்மிடம் இருந்ததில்லை, 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வந்த அந்த ஓரடோரியோதான் தமிழின் முதல் சமயக் கூட்டிசை. மேடையில் சொல்கிறார்கள், இதழ்களில் எழுதுகிறார்கள், இசை படிக்கும் மாணவர்களும் இதை அப்படியே ஒப்பிக்கிறார்கள்.

இந்தக் கூற்று தவறானது. இளையராஜாவின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. அந்தப் படைப்பைப் பலமுறை கேட்டவன் நான். என் வழக்கு அவரோடு அல்ல, 'முதல்' என்ற சொல்லோடுதான். அந்தச் சொல், நம் ஊர்களில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் இசையை இசையே அல்ல என்று தள்ளிவிடுகிறது.

நெல்லிக்குப்பத்தை நடுவில் வைத்துப் பார்ப்போம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் சர்க்கரை ஆலையால் அறிவார்கள். தெற்கே இருக்கும் நெய்வேலியைப் பழுப்பு நிலக்கரியால் அறிவார்கள். இசையைப் பற்றிப் பேசும்போது இந்த மாவட்டத்தின் பெயரை யாரும் எடுப்பதில்லை. தஞ்சைக்கே அந்த உரிமை என்று விட்டுவிட்டோம். ஆனால் மேற்கே திருவதிகை. அப்பர் சூலை தீர்ந்து தம் முதல் பதிகத்தைப் பாடிய தலம், பண் கொல்லி. கிழக்கே திருப்பாதிரிப்புலியூர்; கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அவர் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் இடம். விருத்தாசலம் பக்கம் இராசேந்திரப்பட்டினம். அதுதான் பழைய எருக்கத்தம்புலியூர், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தபின், தேவாரத்துக்குப் பண் வகுத்துத் தந்தவள் அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்கிறது திருமுறைகண்ட புராணம். தெற்கே காட்டுமன்னார்கோயில், நாதமுனிகளின் ஊர். நாலாயிரத்தைத் தேடித் தொகுத்து, இசை அமைத்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தவர் அவர். ஆக, சைவத்துக்கும் வைணவத்துக்கும் பாட்டை ஏட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுவந்த மரபுக்கதை இரண்டும் இந்த ஒரே மாவட்டத்து மண்ணில் நடக்கின்றன. இதை இதுவரை யாரும் சேர்த்துப் பார்க்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்பர் தனியாகப் பாடினார், சம்பந்தர் அடியார் கூட்டத்தோடு பாடினார் என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. நான் நேராகத் தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுக்கு வருகிறேன். திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராசன் அமர்த்தியவர்கள் நாற்பத்தெட்டுப் பிடாரர்கள். அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். மொத்தம் ஐம்பது பேர். ஆளுக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று கணக்கும் உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கருங்கல் விமானத்தின் அடியில், சம்பளம் பெறும் நாற்பத்தெட்டுத் தொண்டைகள். இதற்குக் கூட்டிசை என்று பெயரில்லை என்றால் வேறெதற்கு அந்தப் பெயர்? ஐரோப்பாவின் தேவாலயங்களில் பலகுரல் இசை அப்போதுதான் மெல்லத் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பாடினார்களா, முறை வைத்துப் பாடினார்களா என்று கல் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மரபு ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. கெடிலக் கரையில் திருவகீந்திரபுரம் தேவநாதப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடியது, வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்தது. இங்கும் மற்றத் திவ்யதேசங்களிலும் நடக்கும் பிரபந்தச் சேவாகாலத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒருவர் தொடக்கம் சாதிக்கிறார். கோஷ்டி அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு பக்கம் விட்ட இடத்தில் மறுபக்கம் எடுக்கிறது. சுருதிப்பெட்டி கிடையாது, தாளக் கருவி கிடையாது. முதியவரின் கட்டைக் குரலும் பூணூல் போட்டுச் சில மாதமே ஆன பையனின் கீச்சுக் குரலும் ஒரே சொல்லின் மேல் வந்து விழுகின்றன. சாற்றுமுறையில் கடைசிப் பாசுரங்கள் இரண்டும் இருமுறை ஒலிக்கும்போது, அதுவரை ஓடிய ஓட்டம் தானே தணிந்து கனம் கூடுகிறது. எவரும் அதைக் கச்சேரி என்று நினைப்பதில்லை. அதனாலேயே எவரும் அதை இசை என்றும் நினைக்காமல் போய்விட்டோம்.

மாணிக்கவாசகருக்கு வருவோம், 2005ஆம் ஆண்டுப் படைப்பு அவரைத்தான் எடுத்துக்கொண்டது. திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளில் கணிசமானவை பெண்கள் கூடி ஆடிப் பாடும் வடிவங்கள். அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று அடுக்கினால் அது ஒரு பெண்கள் குழுவின் ஆட்டப் பட்டியல். சாழலில் ஒருத்தி குற்றம் சாட்டுகிறாள், இன்னொருத்தி மறுமொழி சொல்கிறாள். பொற்சுண்ணத்தில் உலக்கையின் ஏற்ற இறக்கமே தாளம். திருவெம்பாவையின் இருபது பாட்டும் வாசலுக்கு வெளியே நிற்பவர்களும் உள்ளே படுத்திருப்பவளும் பேசிக்கொள்வதாகத் தொடங்கி, எல்லோரும் ஒன்றுகூடும் இடத்துக்கு நகர்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே முடிப்பு. இது தனி ஒருவர் மோகனத்தில் உருகிப் பாட எழுதிய நூல் அல்ல. அழுகை மாணிக்கவாசகருடையது. பாடும் வாய் பலருடையது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியில்தான் திருவாசகத்தின் இசைத்தன்மை இருக்கிறது.

கிறித்தவ மரபைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதும் செருமானிய மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகள் பிறந்தன; தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அதற்கு நம் மண்ணின் மறுமொழி. நான்கு குரல் இசைவு தமிழ்ச் சபைகளுக்குப் புதிதே அல்ல. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. இஸ்லாமிய மரபில் ரபியுல் அவ்வல் மாதத்து மவ்லிதும் பைத்தும் கூடி ஓதுபவை. ஒருவர் எடுக்க, சபை திருப்பிச் சொல்லும். பஜனை மடங்களின் நாமசங்கீர்த்தனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் பிறகு, தமிழனுக்குக் கூடிப் பாடத் தெரியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து வந்தது. எனக்கு இந்தக் காலத்தின் மேல் நீங்காத வருத்தம் உண்டு. கச்சேரி மேடை ஒரு பாடகரை நடுவில் உட்காரவைத்தது. மற்றவர்கள் பக்கவாத்தியம், எதிரே இருப்பவர்கள் ரசிகர்கள். இந்த ஏற்பாட்டைத் தமிழிசை இயக்கமாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய மாநாடும் 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் மொழிக்காகப் போராடின. அந்தப் போராட்டம் நியாயமானது, அதன் பயனை நாம் அனைவரும் அனுபவிக்கிறோம். ஆனால் எந்த மொழியில் பாடுவது என்பதைத் தாண்டி, யார் பாடுவது, எத்தனை பேர் பாடுவது என்ற கேள்விக்கு அது வரவே இல்லை. மேடையின் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1949இல் தொடங்கிய பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் கொல்லி நவரோசுதானா, பழம்பஞ்சுரம் சங்கராபரணம்தானா, தக்கேசி காம்போதிதானா என்று அருமையாக ஆராய்ந்தன. நாற்பத்தெட்டுப் பேர் சேர்ந்து பாடினால் அந்தப் பண் எப்படி மாறும், கமகம் எவ்வளவு குறையும், எந்த ஸ்வரத்தில் எல்லோரும் வந்து தங்குவார்கள் என்பதை யாரேனும் கருவாக எடுத்து ஆராய்ந்ததாக நான் படித்ததில்லை. பண்ணை மீட்டார்கள், பாடும் கூட்டத்தை மீட்கவில்லை. ஓதுவார் மரபிலிருந்து வந்த தண்டபாணி தேசிகர் போன்ற மாபெரும் குரல்கள்கூடத் தேவாரத்தைத் தனிக்குரலின் வெற்றியாகவே நிலைநாட்டின. கேட்பவர்களுக்குக் கிடைத்தது பெரிது. ஆனால் அவர்கள் கேட்பவர்களாகவே நின்றுவிட்டார்கள். கருநாடக இசையுலகமே ஆண்டுக்கொரு முறை திருவையாற்றில் கூடிப் பஞ்சரத்தினத்தை ஒரே குரலாகப் பாடுகிறது. தமிழிசைக்காரர்கள் அப்படி ஒரு நாளைக்கூட உண்டாக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. எம்.பி. சீனிவாசன் 1970களில் சென்னை இளைஞர் இசைக்குழுவை வளர்த்து, பயிற்சி இல்லாத பிள்ளைகளை நிற்கவைத்துப் பாரதியைப் பலகுரலில் பாடவைத்தார். சமயம் அவருடைய களமல்ல. ஆனாலும் தமிழ்ச் சொல் பலகுரலில் சிதையாது என்று செய்து காட்டியவர் அவர். 1988இல் அவர் மறைந்தபின் அவரைத் திரையிசையமைப்பாளராக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம்.

இனி வடலூர். நான் இவ்வளவு வேகமாக ஓடிவந்தது இங்கே நின்று கேட்கத்தான்.

நெய்வேலி நகரியத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி அருகில் இருக்கிறது வடலூர். 1867இல் வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று, எண்கோண வடிவான சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில், ஒரே இரவில் அருட்பெருஞ்ஜோதி அகவலை அவர் எழுதி முடித்தார் என்பது சன்மார்க்க மரபு. 1596 அடிகள். 1874 சனவரி 30 அன்று அவர் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். அதாவது இது அவர் வாழ்வின் கடைசிப் பருவத்தின் படைப்பு. சபை எழும்பிய பிறகு, அந்தச் சபையைச் சுற்றி நிற்கப்போகும் கூட்டத்தைக் கண்ணால் கண்ட பிறகு எழுதியது.

வள்ளலாரின் அருட்பாவைப் பற்றிய வாதம் நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. அது அருட்பாவா மருட்பாவா என்று ஆறுமுக நாவலர் எழுப்பிய வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அதன்பின் கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் தொடர்ந்தார்கள். அதன் தத்துவம் பேசப்பட்டது, சமூகக் கருத்து பேசப்பட்டது, பசிப்பிணி நீக்கும் கொள்கை பேசப்பட்டது. அது எப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. கேட்டால், அகவல் பாராயணம்தானே, அதில் இசை எங்கே இருக்கிறது என்பார்கள். இசை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் யாப்பு. நிலைமண்டில ஆசிரியப்பா: எல்லா அடியும் நாற்சீர் அடி, இடையில் குறுகும் அடி இல்லை. 1596 அடிக்கும் சேர்த்து 6384 சீர்கள். சங்கப் பாட்டின் அதே பா. ஆனால் சங்கப் பாட்டின் அகவலில் வாக்கியம் அடியைத் தாண்டி வளைந்து ஓடும், கடைசியில்தான் வினைமுற்று வந்து நிற்கும். வள்ளலார் அதை இரண்டிரண்டு அடியாக வெட்டினார். ஈரடிக்கு ஒரு நிறுத்தம். இந்த வெட்டு புலவனுக்கு வேண்டியதல்ல, மூச்சுக்கு வேண்டியது. எட்டுச் சீர் என்பது நடுத்தர உடல்நிலையுள்ள ஒரு மனிதர் அவசரமில்லாமல் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவு. வயலில் வேலை முடித்து வந்தவரும் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தவரும் அருகருகே உட்கார்ந்தால், அந்த ஈரடியில் இருவர் மூச்சும் தானாகச் சேர்ந்துவிடும். எந்தப் பாட்டு வாத்தியாரும் தேவையில்லை.

அடுத்தது முடிப்பு. அகவலின் முற்பகுதி நெடுகிலும் ஒவ்வொரு ஈரடியும் 'அருட்பெருஞ்ஜோதி' என்ற ஒரே சொல்லில் வந்து அமர்கிறது. நூலைக் கண்ணால் படிப்பவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். ஆனால் படிப்பதற்கு எழுதியது அல்ல இது. முன்பின் அகவலே தெரியாத ஒருவர், எழுத்தறியாத ஒருவர், அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாலும் மூன்றாவது ஈரடியில் அந்தச் சொல் அவர் வாயில் வந்துவிடும். ஐந்தாவதில் அவரும் பாடகர். முழு அடியையும் அறிந்தவர்கள் நடுவில். முடிப்பை மட்டும் அறிந்தவர்கள் சுற்றிலும். ஒவ்வொரு ஈரடியிலும் ஒலி சிறியதாகத் தொடங்கிப் பெரியதாக முடிகிறது. இந்த அலை, வாத்தியத்தால் வருவதல்ல, தெரிந்தவர் தொகையும் தெரியாதவர் தொகையும் சேரும் கணக்கால் வருவது. படிப்பு இல்லாதவரையும் பாடவைக்க ஒரு யாப்பையே வளைத்த கவிஞர் தமிழில் வேறு யார்?

மூன்றாவது, நடை. அகவலுக்குத் தாளக் கருவி கிடையாது, ஆனால் தட்டு உண்டு. பாராயணத்தில் சீருக்கு ஒரு தட்டு என்று காலம் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஆனால் சீர்கள் சமமானவை அல்ல. தேமாவும் கருவிளமும் ஒரே காலத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் ஒரு சீர் நீண்டு தங்குகிறது, அடுத்தது அசைகள் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. உள்ளே நெகிழ்வு, வெளியே உறுதி. கூட்டம் இதனால்தான் படை நடைபோல முரட்டுத்தனமாக ஒலிப்பதில்லை. அடியின் தலையில் எதுகையும் மோனையும் விழும் இடத்தில் எல்லோரும் ஒருசேர அழுத்துகிறார்கள். அங்கேதான் வழிதவறியவர் மீண்டும் சேர்ந்துகொள்கிறார். நூறு பேர் நடத்துநர் இல்லாமல் ஒன்றாகச் செல்வதற்கு மொழியே நடத்துநராக இருக்கிறது.

நான்காவது, ஸ்வரம். நான் கேட்ட குழுக்கள் மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள்ளேயே நின்றன. பெரும்பகுதி ஒரே நிலையில் ஓதுவது. முதலடியின் நடுவில் ஒரு படி மேலே, இரண்டாம் அடியின் இறுதியில் ஆதாரத்துக்கு இறக்கம். ஆண்குரல் கீழ் ஸ்தாயி, பெண்குரல் மேல் ஸ்தாயி, சிறுவர் எங்கே முடிகிறதோ அங்கே. மெட்டு ஊருக்கு ஊர் சற்றே வேறுபடும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் ஐரோப்பிய மடாலயங்களின் விவிலியச் சங்கீத ஓதலைக் கேட்க வேண்டும். அங்கும் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒரே ஸ்வரத்தில் ஓதி, அடியின் இறுதியில் மட்டும் சிறு இறக்கம் வைப்பார்கள். மேற்கின் இசை வரலாறு அதைத் தன் அடித்தளம் என்று மரியாதையோடு எழுதிவைத்திருக்கிறது. நாம் நம்முடையதைப் பாராயணம் என்று ஒதுக்கிவைத்தோம்.

கடைசியாக, பெருவடிவம். இதுதான் என்னை மிகவும் ஆட்கொண்டது. ஒரே முடிப்பு நெடுநேரம் வந்து, காது அதில் ஊறி, இனி மாறாது என்று நம்பத் தொடங்கியபின் வள்ளலார் அதை மாற்றுகிறார். சோதியைச் சோதி என்று சொன்னவர், இப்போது தாயாக விளிக்கிறார், தந்தையாக விளிக்கிறார். துணை, நட்பு, உறவு என்று நெருங்கி வருகிறார். மருந்து, மணி, பொன் என்று கைக்கு எட்டும் பொருளாக்குகிறார். ஒவ்வொரு முடிப்பும் சில ஈரடிகளுக்கு நிலைத்து, அடுத்ததற்கு வழிவிடுகிறது. ராகம் மாறாமல், தாளம் மாறாமல், முடிக்கும் சொல் ஒன்றை மட்டும் மாற்றி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான ஒரு படைப்பைப் பகுதி பகுதியாகக் கட்டியிருக்கிறார். தாய் என்ற முடிப்பு வரும் இடத்தில் கூட்டத்தின் ஒலி தானாகவே மெலிவதைக் கேட்டிருக்கிறேன்; யாரும் சொல்லிக் கொடுத்து நடப்பதல்ல அது. இறுதியில் தொடங்கிய சொல்லுக்கே திரும்பும்போது, அது முதலில் கேட்ட சொல்லாக இருப்பதில்லை. இவ்வளவு நீண்ட பாதையைக் கூட்டத்தின் வாயைக் கொண்டே கடக்கவைத்த அமைப்பைப் பெரும்படைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

சபை வழிபாட்டில் மெல்லெனத் துதிக்க வேண்டும் என்பது வள்ளலாரின் விதி. இன்று தைப்பூசத்தில் ஏழு திரை நீக்கிச் சோதி காட்டும்போது மக்கள் எழுப்பும் ஒலி தன்னளவில் மாபெரும் ஒலி; அதை ஒலிபெருக்கியின் இரைச்சல் மூடிவிடுகிறது. கைபேசியில் கிடைக்கும் அகவல் பதிவுகளில் பல இன்னும் மோசம். கீபோர்டு, ரிதம்பேட், எக்கோ, நடுவில் ஒரு பாடகரின் நெகிழ்ச்சி. கூட்டத்துக்காக எழுதியதைத் தனிக்குரலாக்கி, அதன் எளிமையை வறுமை என்று எண்ணி நகை பூட்டுகிறார்கள். நகைக்குக் கீழே அகவல் காணாமல் போகிறது.

இந்தக் காதோடு 2005ஆம் ஆண்டுக்குத் திரும்புகிறேன். இளையராஜா திருவாசகத்திலிருந்து ஆறு இடங்களை எடுத்தார்: யாத்திரைப் பத்து, சிவபுராணம், கோத்தும்பி, பிடித்த பத்து, பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகியவற்றிலிருந்து. தந்திகளின் எழுத்து அற்புதமானது. தமிழ்ச் சீரின் நெடில் குறிலை மேற்கத்திய இசைக்குழுவின் மேல் இவ்வளவு இயல்பாக உட்காரவைத்தவர் அவருக்கு முன் இல்லை. ஆனால் சிவபுராணத்தைப் பாருங்கள். தொண்ணூற்றைந்து அடி கலிவெண்பா. தமிழகத்தின் சிவன் கோயில்களில் கூட்டம் ஒரே குரலாகச் சொல்லும் பாட்டு எது என்றால் முதலில் வருவது அதுதான். இளையராஜா அதைத் தனிமனிதனின் பாவமன்னிப்பாக மாற்றி, தாமே பாடி, கூட்டுக்குரலை ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லும் இடத்தில் நிறுத்தினார். உருக்கம் குறையவில்லை. ஆனால் பாட்டு யாருடையதோ அந்தக் கூட்டம் பின்னணிக்குப் போய்விட்டது. மாறாகப் பொற்சுண்ணத்தில் நூலே கூட்டமாகப் பாடுகிறது. அங்கே அவர் நூலின் பேச்சைக் கேட்டிருக்கிறார், பல குரல்களை முன்னுக்கு விட்டிருக்கிறார். ஆறில் அதுதான் எனக்கு முழுமையாகப் பிடித்தது. மற்ற இடங்களில் இசைவு என்பது மேலேயிருந்து போர்த்திய பட்டு. ஹேண்டலின் மெசையாவும் இயேசுவின் பாடுகளைப் பற்றிய பாஹின் படைப்புகளும் வானத்திலிருந்து விழவில்லை. பாஹ் நான்கு குரலில் எழுதிய கோரல்கள் சபையார் ஞாயிறுதோறும் ஒரே குரலில் பாடிப் பழகிய மெட்டுகள். அவர் தம் மக்களின் ஒற்றைக் குரலிலிருந்து நான்கு குரலுக்குப் போனார். நாம் நம் ஒற்றைக் குரலைத் தாண்டிக் குதித்து நேராகப் புடாபெஸ்டுக்குப் போனோம்.

அதே 2005இல் மறைந்தார் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர்; பறட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர். கருநாடகக் கீர்த்தனையும் வேண்டாம், ஐரோப்பிய நான்கு குரலும் வேண்டாம், ஊரின் பாட்டு போதும் என்று நாட்டார் இசையிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். ஒருவர் எடுக்கக் கூட்டம் வாங்கும் அமைப்பு, பறை, தாங்களே மெட்டையும் சொல்லையும் மாற்றிக்கொள்ளும் உரிமை. ஒடுக்கப்பட்டவர்கள் தம் குரலில் தாமே வழிபட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சோயி ஷெரினியன் ஒரு முழு நூல் எழுதினார். தமிழில் கிறித்தவ வட்டத்துக்கு வெளியே அவர் பெயர் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? வள்ளலாருக்கும் அப்பாவுக்கும் கடவுள் வேறு, காலம் வேறு. ஆனால் ஓர் இடத்தில் இருவரும் ஒன்று: கடைசி ஆளும் பாடும்படி இசையை அமைப்பது. தமிழ்க் கூட்டிசையின் வழி இந்த இருவரிடமிருந்துதான் செல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அகவலை அப்படியே காப்பாற்றிப் பேழைக்குள் வை என்று நான் கேட்கவில்லை. இளம் இசையமைப்பாளர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கார்டு என்னும் மேற்கத்திய ஸ்வரக்கூட்டை வைப்பதற்கு முன், அதற்குள் ஏற்கெனவே இருக்கும் பலகுரலைக் கேளுங்கள். ஆண் பெண் ஸ்தாயிகளின் இடைவெளி இருக்கிறது. ஒரு பக்கம் முடிப்பைப் பிடித்து நிற்க, மறுபக்கம் அடுத்த ஈரடியைத் தொடங்கும்போது உண்டாகும் மேற்படிவு இருக்கிறது. சொல்லில் சற்றே பிந்தி வரும் ஓரத்துக் குரல்களின் எதிரொலி இருக்கிறது. முடிப்புச் சொல்லையே கார்வையாக நீட்டி, அதன் மேல் அடிகளை ஓட விடலாம். நூறு பேருக்கு எழுதுங்கள், ஒரு பாடகருக்கு எழுதாதீர்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வடலூர், மேட்டுக்குப்பம், கருங்குழி ஊர்களிலும் நெய்வேலி, நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துச் சன்மார்க்கச் சங்கங்களிலும் அகவலை மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை இரண்டு பக்கமாக உட்காரவைத்து, கருவி இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், 1596 அடியையும் முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். மெட்டு வேறுபாடுகளை ஊர்வாரியாக ஸ்வரக் குறிப்போடு எழுத வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை வடலூருக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழ் இசைச் சங்கம் பண்களுக்குச் செய்ததை அகவலுக்கும் செய்யலாம். வரும் தைப்பூசத்துக்குள் இந்தப் பணி தொடங்கட்டும்.